போர்டு இல்லாத மூன்றாவது மாடி

மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தபோது தனேஷுக்கு மூச்சு வாங்கியது. கிள்ளானிலிருந்து ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸ் மழையில் முக்கால்வாசி நனைந்து, நாற்பத்தோரு நாளாக ஒரு சொட்டுகூடத் தொடாத நாக்கோடு அந்தக் கதவின் முன் நின்றான். குடியை விட நினைப்பவர்கள் ஞாயிறு மூன்று மணிக்குக் கூடுவார்களாம். "போர்டு இருக்காது தம்பி. நாற்காலிய வட்டமா போட்டிருப்போம், பேரு மட்டும் சொன்னா போதும்" என்று போனில் சொல்லியிருந்தார்கள். இன்று உள்ளே போகாவிட்டால், கீழே இருக்கும் பீர் கடைக்குள் போய்விடுவோம் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

கதவு திறந்தது...

அந்தக் கண்கள்! இப்போதுதான் சிரித்து முடித்த கண்கள்... அடுத்த சிரிப்புக்கு ஆள் தேடும் கண்கள். தனேஷ் நாற்பத்தோரு நாளையும் ஒரு நிமிடம் மறந்தான்.

"முதல் தடவையா? நான் ஷாமினி. வீட்ல யாரும் கூட வரலியா?"

"வீட்ல சொல்லல..."

"வெட்கமா? முதல் நாள் எல்லாரும் இப்படித்தான் முழிப்பாங்க. பயப்படாதீங்க லா! எத்தனை நாளா யோசிச்சுக்கிட்டிருந்தீங்க?"

"ரெண்டு வருஷமா... தைரியம் வரல."

"அடப் பாவமே!" என்று பெயரைக் கேட்டு எழுதி அவன் சட்டையில் ஒட்டி, கையில் ஒரு கறிபாப் பலகாரத்தையும் கொடுத்து உட்கார வைத்தாள்.

உள்ளே இருபது பேர் வட்டமாக இருந்தார்கள். பட்டுச் சேலை, மல்லிகைப் பூ, மடியில் ஃபைல். அம்மாக்களையும் அழைத்து வந்திருக்கிறார்களே, குடும்ப ஆதரவு என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டான். ஓர் இளைஞன் எழுந்து, தான் இன்ஜினியர், அம்பாங்கில் சொந்த வீடு என்றான். இத்தனை இருந்தும் இவனையும் பாட்டில் விடவில்லையே என்று தனேஷின் மனம் உருகியது.

அவன் முறை வந்தது. எழுந்தான்.

"என் பேரு தனேஷ். லோரி ஓட்டுறேன். நான் குடிகாரன். பதினோரு வருஷம் குடிச்சேன்... எங்கம்மா செத்தன்னிக்குக்கூட நிதானமா நிக்கல. இன்னியோட நாப்பத்தோரு நாளா தொடல."

கைதட்டலுக்காகக் காத்திருந்தான். யாரோ கடித்த கறிபாப் தரையில் விழுந்த சத்தம்தான் கேட்டது. ஷாமினியின் அம்மா புஷ்பவல்லி மெதுவாக எழுந்தார்.

"தம்பி... இது கல்யாணத்துக்கு வரன் பாக்குற கூட்டம்!"

தனேஷ் எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்கே தெரியாது. ஷாமினி ஒரு குடையோடு படியில் பாய்ந்து வந்து மறித்தாள். கண்ணில் இப்போது சிரிப்பில்லை.

"எங்கள கிண்டல் பண்ண வந்தீங்களா?"

"சத்தியமா இல்லீங்க! குடிய விடுறவங்க கூட்டத்துக்கும் போர்டு இல்லன்னு சொன்னாங்க..."

ஷாமினிக்குப் புரிந்துவிட்டது. பொங்கி வந்த சிரிப்பை உதட்டைக் கடித்து அடக்கினாள். "அது பின்பக்கப் படி, மூணாவது மாடி. அவங்க யாருன்னு வெளிய தெரியக்கூடாது. நாங்க வரன் தேடுறது சொந்தக்காரங்களுக்குத் தெரியக்கூடாது. ரெண்டு பேருமே போர்டு வைக்கறதில்ல."

"இன்னிக்கி வேணாங்க. மானமே போச்சு. நான் கெளம்பறேன்."

சொல்லும்போதே அவன் பார்வை கீழே பீர் கடைப் பக்கம் போனது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

"மானம் போயிடுச்சுல்ல? அப்ப இனி போறதுக்கு ஒண்ணுமில்ல. வாங்க!"

மேலிருந்து புஷ்பவல்லியின் குரல் இடித்தது. "அடியே! குடிகாரனோட எங்கடி போற?"

"அம்மா, மூணு வருஷமா இங்க வர்ற மாப்பிள்ளைங்க ஃபாரத்தையெல்லாம் நான்தான் நிரப்புறேன். கெட்ட பழக்கம்னு கேட்டா அத்தனை பேரும் 'இல்லை'ம்பாங்க. எனக்கு நிச்சயம் பண்ணீங்களே, அவரும்தான் 'இல்லை'ன்னாரு. நிச்சயத்தன்னிக்கே பூந்தொட்டியில விழுந்து கெடந்தாரு. இவரு ஒருத்தர்தான் கேக்காமலே உண்மைய சொன்னாரு!"

ஒரே குடையில், ஆளுக்கொரு தோள் நனைய, அவள் அவனைப் பின்பக்கக் கதவுவரை கொண்டுபோய் விட்டாள்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் கூட்டம் முடிந்து இறங்கும்போது, ஷாமினி தற்செயலாகப் பின்பக்கப் படியில் இருந்தாள். அத்தனை வாரமும் தற்செயல்தான்! புஷ்பவல்லி மூன்று வாரம் மகளிடம் பேசவில்லை. நான்காவது வாரம், "அந்தப் பையன் இன்னும் போறானா?" என்று மட்டும் கேட்டார்.

நூறு நாள் தாண்டிய ஞாயிறு. மழை தூறிக்கொண்டிருந்தது. தனேஷ் மூன்று முறை தொண்டையைச் செருமினான்.

"முதல் வருஷம் பெரிய முடிவு எதுவும் எடுக்கக் கூடாதுன்னு உள்ள சொல்லியிருக்காங்க. அதனால நான் முடிவு எதுவும் எடுக்கல. சும்மா ஒரு தகவலா சொல்றேன்... உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் காதுமடல் சிவந்தது.

"எனக்கும்தான்... ஒரு வருஷம் என்ன, காத்திருப்பேன். ஆனா ஒண்ணு, எனக்காக விட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நான் சண்ட போட்டுட்டுப் போற அன்னிக்கும் நீங்க குடிக்காம இருக்கணும்."

அவன் நெஞ்சு நிறைந்துபோய்த் தலையசைத்தான். பிறகு சந்தேகம் வந்தது.

"ரொம்ப சண்ட போடுவீங்களா?"

"தினமும்" என்றாள் ஷாமினி.