பென்டிரைவில் இருந்த ஒரே பிரதி

கதவு நிலையில் இருந்த பென்சில் கோடுகளைக் காணோம்.

தண்ணீர் குடிக்க எழுந்த அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் அங்கேயே நின்றுவிட்டார். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் மகளை நிறுத்தி, தலைமேல் ஸ்கேலை வைத்து அவரே போட்ட கோடுகள், மொத்தம் நான்கு. தடவிப் பார்த்தார். அழித்த தடம்கூட இல்லை. விரலில் புது வார்னிஷ் வாசனை ஒட்டியது.

மனைவியைக் கேட்கலாம். கேட்டால், காலையிலிருந்து அந்த நாற்காலியை விட்டு எழுந்தீர்களா என்று ஆரம்பித்துவிடுவாள். பேசாமல் கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தார். மீட்பு வேலை நாற்பது சதவீதத்தில் நின்றது.

அந்த அடுக்குமாடிக்கு ஒரு வெப்சைட் உண்டு. எந்த வீட்டில் யார், யாருடைய பிள்ளை யார், லிப்ட் என்றைக்கு ரிப்பேர், எல்லாம் அதில் இருக்கும். கூட்டத்துக்குக் கூட்டம் செயலாளர் மார்பைத் தட்டிக்கொள்வார்: "வாரா வாரம் பேக்கப் எடுக்கறேன்!" பொய்யில்லை, எடுத்தார்தான். எடுத்ததையெல்லாம் அதே சர்வரிலேயே அடுக்கிவைத்தார், மாற்றுச் சாவியை வீட்டுக்குள் மாட்டிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போகிற புத்திசாலி மாதிரி. இன்று காலை இடத்தைக் காலி பண்ணுகிறேன் என்று எதையோ அழிக்கப் போக, தளமும் பிரதிகளும் ஜோடியாகப் போய்ச் சேர்ந்தன. பத்து மணிக்கே மூன்றாம் மாடி அக்காவின் போன்.

"என்ன செயலாளரே, வெப்சைட்டைக் காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சா?"

"சின்ன மெயின்டனன்ஸ்க்கா. சாயங்காலக் கூட்டத்துக்குள்ள வந்துடும்."

மிஞ்சியது டிராயரில் கிடந்த ஒரு பென்டிரைவ். அதில் ஒரே ஒரு பிரதி, ஐந்து வருடத்துக்கு முந்தையது. அதை ஏற்றினால் அதற்குப் பின் சேர்ந்ததெல்லாம் போகும். போகட்டும், அக்காவின் வாயில் விழாமல் இருந்தால் போதும். பொத்தானை அழுத்தியிருந்தார்.

ஐம்பத்தாறு சதவீதம். வெளியே லிப்ட் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தாமல் போனால்தான் அது அப்படிக் கத்தும்; அப்படிப் போகிற ஆள் அந்தக் கட்டடத்திலேயே ஒருவர்தான், இரண்டாம் மாடிப் பெரியவர். சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் வாய் வலித்ததுதான் மிச்சம். அந்தப் பெரியவர் செத்து மூன்று வருடம் ஆகிறது. படியில் ரப்பர் செருப்பு தேய்த்துத் தேய்த்து இறங்கியது, ஒரு படிக்கு ஒரு இருமலாக. மூட்டுவலித் தைலத்தின் நெடி கதவிடுக்கு வழியாக நுழைந்து, கூடத்தைச் சுற்றிப் பார்த்து, அவருடைய நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

அப்போதுதான் உறைத்தது. பிரதிக்கு ஐந்து வயது. பாப்பாவுக்கு நாலு.

சர்வர் கம்பெனியின் உதவி எண்ணை அழுத்தினார்.

"உடனே நிறுத்தணும்மா!"

"நடுவுல நிறுத்தினா மொத்தமும் கெட்டுடும் சார்," என்றாள் எதிர்முனைப் பெண், கொட்டாவியை விழுங்கிக்கொண்டு. "அதுக்கப்புறம் சேர்த்ததுக்கு வேற எங்கயாவது காப்பி வெச்சிருக்கீங்களா? இல்லையா? வெச்சிருந்தா நல்லா இருந்திருக்கும் சார்."

படுக்கையறைக்கு ஓடினார். மதியத் தூக்கத்துக்குப் படுக்கவைத்திருந்த கட்டில். குழந்தை இல்லை. மெத்தையில் சின்னதாக ஒரு பள்ளம். கையை வைத்தார். இன்னும் சூடு இருந்தது. கைக்கு அடியிலேயே பள்ளம் மெல்ல எழும்பிச் சமமானது.

கூடத்தில் போன் ஒலித்தது. அக்காவின் செய்தி: 'சைட் வந்துடுச்சே! கெட்டிக்காரர்தான்.'

"பாப்பா எங்க?"

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை. ஒரு நரை இல்லை.

"எந்தப் பாப்பா?" சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "இதுல மட்டும் விளையாடாதீங்க. குழந்தை பிறக்கறது கஷ்டம்னு டாக்டர் நேத்துதான் சொல்லி அனுப்பியிருக்கார்."

அவர் விளையாடவில்லை. தேடினார். கையில் இருந்த போனும் பழைய போனாகியிருந்தது. அதில் குழந்தையின் படம் ஒன்றுகூட இல்லை. இணையத்தில் யார் யாரோ சேமித்துவைத்த பழைய பக்கங்களைக் கிளறினார். கட்டடத்துக் குழந்தைகள் பக்கம் ஒரு மூலையில் தப்பிக் கிடந்தது. ஒரு பிறந்த தேதி. நான்கு படங்கள். ஆயிரக்கணக்கில் எடுத்தவர், தளத்தில் ஏற்றியது அந்த நான்குதான். நாலும், "இங்க பாரு, அப்பாவையே பாரு" என்று நேருக்கு நேர் நிற்கவைத்து எடுத்தவை.

அது போதும் என்றுதான் நினைத்தார். ஏற்றினார். அழுத்தினார்.

உள்ளே கட்டில் முனகியது.

அறை வாசலில் பாப்பா. சிவப்பு கவுன். சிரிப்பு. அவர் கண்ணைச் சிமிட்டினார். மஞ்சள் கவுன். அதே சிரிப்பு.

"எழுந்துட்டியாடா தங்கம்?" மனைவி துணியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கருவளையம் திரும்பியிருந்தது. "என்னங்க, குழந்தையைப் பார்த்து இப்படி முழிக்கறீங்க?"

குழந்தை அம்மா பக்கம் திரும்பவில்லை. செயலாளர் இடப்பக்கம் நகர்ந்தார். முகம் கூடவே வந்தது. வலப்பக்கம். வந்தது. பேச்சு இல்லை. மூச்சு இல்லை.

பாப்பாவுக்குப் பின்னால் பீரோக் கண்ணாடி. அதில் அவர் தெரிந்தார். தலை முதல் கால் வரை, முழுதாக. நடுவில் பாப்பாவின் முதுகு தெரியவில்லை.

தூக்காதே என்று சொல்ல வாயைத் திறந்தார்.

அதற்குள் மனைவி குனிந்து அள்ளித் தோளில் சாய்த்துக்கொண்டாள். முதுகைத் தட்டிக்கொடுக்கக் கையைக் கொண்டுபோனாள்.

கை போய்க்கொண்டே இருந்தது.