தலைமாட்டுக் கை

ஒப்பரேஷன் தியேட்டருக்குள் எல்லோரும் கையுறை போட்டிருந்தார்கள். சிவமணியின் நெற்றியைத் தடவிய கை மட்டும் வெறுங்கை.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சிசேரியனுக்காக முதுகில் போட்ட ஊசி இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் மரத்துப்போகச் செய்திருந்தது. மார்புக்கு நேரே பச்சைத் துணித்திரை. அதற்கு அப்பால் கத்தரிக்கோல்கள் தட்டில் விழும் சத்தமும், டெட்டோல் வாசமும், டொக்டர் சிங்களத்தில் தணிந்த குரலில் எதையோ கேட்பதும், வெள்ளவத்தைக் கடற்கரையோரம் மத்தியான ரயில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் யன்னல்களை நடுங்கவைத்தபடி பம்பலப்பிட்டிப் பக்கம் போவதும் ஒன்றாய்க் கலந்து வந்தன. இரண்டு கைகளையும் விரித்துப் பட்டியால் கட்டியிருந்தார்கள்.

ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். இரண்டும் பிறந்தன; அழவில்லை. இதுவாவது அழவேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

தியேட்டரில் தமிழ் தெரிந்தவள் கொட்டாஞ்சேனைக்காரி நர்ஸ் ஐறீன் ஒருத்திதான். அவள் பகிடி விட்டுப் பார்த்தாள். "உங்க மிஸ்டர் வெளியில நடக்கிற நடைக்கு இப்ப கோல்பேஸ் திடலுக்கே போய்ச் சேர்ந்திருப்பார்" என்றுவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் போனாள்.

அப்போதுதான் தலைமாட்டிலிருந்து குரல் வந்தது.

"பயப்பிடாதை, பிள்ளை."

யாழ்ப்பாணத் தமிழ். வேலைக்கார அம்மா யாரோ என்று சிவமணி நினைத்தாள். தலையைத் திருப்பிப் பார்க்க முடியவில்லை. அந்தக் கையில் அரிசி குத்திய இடத்து வாசம் இருந்தது, ஊர் வாசம். அந்த வாசத்துக்கே மனம் இளகிப்போய், இழந்த இரண்டையும் பற்றி அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். குரல் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப இதை எனக்கு வித்துப்போடு. பேருக்குத்தான்."

ஊரில் நடப்பதுதானே. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததை இன்னொருத்திக்கு ஒரு பிடி தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். அது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று சாவு ஏமாந்து போய்விடுமாம். பிறந்த முப்பத்தொராம் நாள் கழிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். வாங்குகிறவள் அயலில் நன்றாய்த் தெரிந்த மனுசியாக இருக்கவேண்டும் என்பதும் உண்டு. அந்த நேரத்தில் அது அவளுக்கு நினைவு வரவில்லை.

"ஓம் அக்கா. வாங்குங்கோ. உயிரோட இருந்தால் எனக்கு அதுவே காணும்."

உள்ளங்கையில் எதுவோ சொரசொரவென்று கொட்டுப்பட்டது. விரல்கள் தாமாக மூடிக்கொண்டன.

தவிடு.

கழுவித் துடைத்த இந்த அறைக்குள் தவிடு எப்படி?

ஐறீன் திரைக்கு மேலால் எட்டிப் பார்த்து, யாரோடு கதைக்கிறீர்கள் என்று கேட்டாள். தலைமாட்டில் நிற்கிற அக்காவோடு என்றாள் சிவமணி.

"தலைப்பக்கம் சுவர்தானே. மேசை சுவரோட ஒட்டிக்கொண்டு நிக்குது. போன கிழமை ஒராள் இப்பிடித்தான், செத்துப்போன மாமியாரோட சண்டை பிடிச்சா." அதையே அவள் சிங்களத்திலும் சொல்ல, மயக்க மருந்து டொக்டர் பக்கத்து இயந்திரத்திலிருந்து தலை நிமிராமலே சிரித்தார்.

கை நெற்றியில்தான் இருந்தது. ஐறீனின் கண்கள் அதைக் காணாமல் அதன் மேலாகவே போய்வந்தன.

சிவமணி குரலைத் தணித்துக் கேட்டாள்.

"அக்கா... எப்ப திருப்பித் தருவீங்கள்?"

கை தடவுவதை நிறுத்தியது.

"திருப்பித் தாறதைப் பற்றி நான் கதைக்கேல்லையே, பிள்ளை."

வயிற்றுக்குள் ஒரு இழுவை. பெரிய இழுவை. நான் பிள்ளையை விக்கேல்லை என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. விரல்களை விரித்துத் தவிட்டை உதறப் பார்த்தாள். விரல்கள் விரியவில்லை.

பிறகு, அந்தச் சத்தம்.

பிள்ளை அழுதது. வீரிட்டு, உரத்து, தியேட்டர் முழுவதும் கேட்க. டொக்டர் சிரித்தார். ஐறீன் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு திரையைச் சுற்றி வந்தாள்.

"பொம்பிளைப் பிள்ளை. அம்மாவுக்கு ஒரு முத்தம் குடுங்க."

சிவந்த முகம் அவள் கன்னத்தருகே இறங்கியது.

நெற்றியிலிருந்து பாரம் எழுந்தது.

அவள் கண்களுக்கு மேலால் இரண்டு கைகள் நீண்டன. நரைத்த ரோமம். நீள விரல்கள். நகக்கண்களில் தவிடு.

பிள்ளை அழுகையை நிறுத்தியது. தாயைப் பார்க்கவில்லை. தலையை மெல்லத் திருப்பி, பால் தேடும் வாயை, அந்த உள்ளங்கையில் வைத்தது.