கல் காலுறை

கோட்டையின் சித்திரவதைக் கூடத்தில் அன்று அடிபட்ட ஒரே ஆள் வழிகாட்டி ராடிம்தான். அதுவும் தன் கால் செய்த வேலையால்.

சாயங்காலம் கடைசிப் பேருந்தும் போயாயிற்று. செக் நாட்டு ஊற்று நகரமான கார்லோவி வாரியில் மருந்தாக மூன்று வேளையும் ஊற்று வெந்நீர் குடித்து அலுத்துப்போன கூட்டம், ஹ்ராடெக் கிராமத்துக்கு வந்து கோட்டையைப் பார்த்து, பாதாள அறையில் பிளாஸ்டர் பொம்மைகள் அலறுவதைக் கேட்டுவிட்டு, பசியோடு திரும்பியிருந்தது. ராடிம் மூக்குவைத்த பீங்கான் கோப்பையில் ஊற்றுத் தண்ணீரை உறிஞ்சியபடி விளக்கணைக்க வந்தான். துருப்பிடித்த ஆணியை வேகவைத்த ருசி. வயிற்றுக்கு நல்லதென்று, அவனை வளர்த்த வில்மா பெரியம்மா பழக்கியது. வயிறும் சரியாகவில்லை, அவனும் விடவில்லை.

கதவுக்கு முட்டுக்கொடுத்து அவனே வைத்திருந்த கல்லில் அவனே இடறினான். கோப்பைத் தண்ணீர் மொத்தமும் பொம்மைகளை அலறவைக்கும் ஒலிநாடாப் பெட்டிக்குள் போனது.

பெட்டி புகைந்தது, விக்கியது, அடங்கியது. பொம்மைகள் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டன. முட்டு நகர்ந்ததில் கதவும் மெல்லச் சாத்திக்கொண்டது.

"சபாஷ்டா ராடிம். இந்த இடத்துல ஒழுங்கா வேலை பார்த்தது பொம்மைங்க மட்டும்தான். அதையும் கெடுத்துட்டே."

அப்போதுதான் கேட்டது.

"கதவைத் திற."

பெண்குரல். அலறல் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வரும் கோபம்.

அந்தக் குரல் அவனுக்குப் பழக்கம்தான். ஒலிநாடா அலறல்களுக்கு நடுவே எப்போதும் வரும். வரும்போதெல்லாம் பயணிகளிடம், "பயப்படாதீங்க, அது என் மாமியார்!" என்பான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். கல்யாணமே ஆகாதவனுக்கு மாமியார் ஏது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

இப்போது பெட்டி செத்துக் கிடந்தது. ராடிம் அதன் மின்கம்பியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

"கதவைத் திறங்கடா. வில்மாகிட்ட சொல்லுங்க, பிள்ளைக்குப் பசிக்கும்."

கம்பி கையிலேயே இருந்தது.

அறை முழுக்க சூடான இரும்பு வாசனை. சிந்திய தண்ணீரின் வாசனை என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் அது சுவருக்குள்ளிருந்து வந்தது.

கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு, நாற்பத்தேழு வயதுக்காரன் ஓடக்கூடாத விதத்தில் ஓடினான்.

மறுநாள் காலை போஹுஷ் வந்தான். பெட்டியைச் செய்தவனும், அலறலைப் பதிவு செய்தவனும் அவன்தான். மூடியைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"உப்பு பூத்துக் கிடக்கு. ஊற்றுத் தண்ணியா ஊத்தினே? மனுஷங்க குடிச்சாலே தாங்காதுடா, இது பாவம் மெஷினு."

"போஹுஷ், அந்தப் பொம்பளைக் குரல் யாருது?"

"எந்தப் பொம்பளை?"

"நாடாவுல வருதே, கதவைத் திறன்னு."

போஹுஷ் திருப்புளியைக் கீழே வைத்தான். "நானும் என் மச்சானும் மதுக்கடை பின்கட்டுல நின்னு கத்துனதுடா அது. ரெண்டே ஆம்பளைங்க. பொம்பளையே கிடையாது." பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "வீட்டுல வச்சுப் பார்க்கிறேன். இங்க வேணாம்."

ராடிம் குனிந்து தன்னை இடறிய கல்லை எடுத்தான். வெறும் கல் இல்லை அது. ஒரு குழந்தையின் காலுறை. கார்லோவி வாரியில் காகித ரோஜாவை ஊற்று நீரின் கீழ் தொங்கவிடுவார்கள். கொஞ்ச நாளில் பழுப்புக் கல்லாய் இறுகிவிடும். அவன் அம்மா ஹெர்மினாவுக்கு அந்த ரோஜாக்களைத் தொங்கவிடும் வேலை. ரோஜாக்களுக்கு நடுவே விளையாட்டாய் மகனின் காலுறை ஒன்றையும் தொங்கவிட்டிருந்தாள். ஜோடியில் மற்றது எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. அம்மா போன இடமும்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜெர்மன்காரர்களை லாரிகளில் ஏற்றி எல்லைக்கு அப்பால் தள்ளிய வருஷம், ஜெர்மன்காரனான புருஷன் பின்னாலேயே, பால்குடிப் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். வில்மா பெரியம்மா சொன்னது அது.

அதனால்தான் அந்தக் காலுறையைக் கதவுக்கு முட்டாக வைத்தான். தினமும் நூறு பேர் உதைக்கட்டும் என்று.

பெரியம்மா கார்லோவி வாரியின் தூண் மண்டபத்தில் ஆவி பறக்கும் ஊற்றுகளுக்கு நடுவே, கோப்பையை உறிஞ்சியபடி நடந்துகொண்டிருந்தாள்.

"பெரியம்மா, அந்தக் காலத்துல கோட்டை ஜெயில்தானே? எங்கம்மா அங்க இருந்தாங்களா?"

"தண்ணி ஆறிடும். குடி."

"இருந்தாங்களா இல்லையா?"

"உங்கப்பன் புத்தி அப்படியே. எதைச் சொன்னாலும் குடைஞ்சிக்கிட்டே இருப்பே. வேஃபர் பிஸ்கட் வேணுமா? பாதாம் போட்டது."

"எங்கப்பாவை ஒளிச்சு வச்சதுக்குப் பிடிச்சுட்டுப் போனாங்களா? லாரியில ஏறவே இல்லையா?"

"எல்லாரும் போனாங்க. அவளும் போனா. செத்தவங்களைக் கிளறாதே."

"செத்துட்டாங்களா? ஓடிப்போனாங்கன்னுதானே சொன்னீங்க!"

கோப்பையின் மூக்கு பெரியம்மாவின் பல்லில் தடதடத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ராடிமுக்குக் கிண்டல் எதுவும் வாயில் வரவில்லை. பெரியம்மாவின் கையைப் பிடித்தான். இறுக்கிப் பிடித்துவிட்டோமோ என்று உடனே தளர்த்தினான். ஆனால் விடவில்லை.

"வாங்க. நீங்களே வந்து கேளுங்க."

மதியப் பேருந்துக்கு முன்னாலேயே இருவரும் கோட்டைப் படியிறங்கினார்கள். ராடிம் கல் காலுறையைக் கதவடியில் வைத்தான். போஹுஷ் பெட்டியை எடுத்துப்போன இடம் வெறுமையாக இருந்தது. பொம்மைகள் வாயைப் பிளந்தபடி நின்றன.

நிசப்தம்.

"பார்த்தியா? ஒண்ணுமில்லே," என்று பெரியம்மா முணுமுணுத்தாள். "உனக்கு வயிறுதான் சரியில்லே. வா, போலாம்."

இரும்பு வாசனை எழுந்தது.

சுவரில் ஓரிடம் வியர்த்தது. சூடான நீர் கசிந்து, பழுப்புக் கோடாக இறங்கியது.

"வில்மா."

பெரியம்மா அப்படியே படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"என்னைப் பிடிச்சுட்டுப் போறப்போ, பிள்ளையைக் கொடுன்னு உன் வீட்டு வாசல்ல நின்னு கத்துனேனேடி. கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே?"

இளம் குரல். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். தன் பாதி வயதுகூட இல்லாத அந்தக் குரலுக்கு முன்னால் ராடிம் கைகட்டி நின்றான்.

கதவு அசைந்தது.

குனிந்து பார்த்தான். அவன் வைத்த காலுறையின் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. அதே அளவு. ஈரமாக, ஆவி பறக்க. தொட்டான். இன்னும் கல்லாகவில்லை, கம்பளி நூல் விரலில் மெத்தென்று அமுங்கியது.

"ஓடிப்போனாங்கன்னு சொன்னாங்க," என்றான். "விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு. சொல்லுங்க. நீங்க யாரு?"

சுவர் மூச்சு விட்டது. அவன் காதருகே, சூடாக.

"மாமியார் இல்லடா. அம்மா. நான் எங்கயும் போகல."