நுகைலாவுக்கு ஓர் இடம்

பாக்தாத்திலிருந்து இரண்டு வெள்ளை வண்டிகள் வந்து நின்றபோது யூப்ரடீஸ் கரையில் புழுதி கிளம்பத் தொடங்கியிருந்தது. முதல் வண்டியிலிருந்து தலைமை இயக்குநர் மிக்தாத் இறங்கினார். இரண்டாவதிலிருந்து அவருடைய பெயர்ப்பலகை இறங்கியது. அதற்குப் பின்னால் ஆலோசகர் டாக்டர் ஹுமாம், மடிக்கணினியைக் கைக்குழந்தை போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

பழைய நீர்ப்பாசன அலுவலகத்தின் படியில் நின்று ஃபைஹா அவர்களை வரவேற்றாள். தரவுப் பிரிவில் மிஞ்சியிருப்பது அவள் ஒருத்திதான். நதிநீர்த் தகவல் மென்பொருளை மேம்படுத்தத் திட்டமிடும் கூட்டம் இது. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு மேம்பாடு.

நுகைலாவை இங்கிருந்து எடுக்க வேண்டும்.

நுகைலா ஓர் ஊர். அணை கட்டியபோது ஏரிக்குள் போனது. கிளம்ப மறுத்தவர்களும் அதோடு போனார்கள். அங்கிருந்த அளவுகோலின் பழைய நீர்மட்டக் கணக்கு மட்டும் தப்பியது. புது மென்பொருளில் ஒவ்வோர் அளவு நிலையத்துக்கும் வரைபடத்தில் இடம் குறித்தே ஆக வேண்டும். காலியாக விட்டால் ஏற்காது. ஏரிக்குள் நுகைலா சரியாக எங்கே இருந்தது என்று எவருக்கும் தெரியவில்லை. ஹுமாம் அசரவில்லை. இந்த அலுவலகத்தின் இருப்பிடத்தையே போட்டுவிட்டார். தற்காலிகமாகத்தான் என்றார்.

அன்றிலிருந்து, பொழுது சாய்ந்தால் கூட்ட அறைக்குள் கோழிகள் கொக்கரித்தன. தரை காய்ந்தே கிடக்கும். நடந்தால் செருப்பு நனையும். கூட வேலை பார்த்த இருவரும் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். காலில் மாவுக்கட்டோடு கணவன் வீட்டில் கிடக்கும்போது ஃபைஹா எங்கே ஓடுவாள்?

அரசாங்கக் கூட்டத்தில் பேயைப் பற்றிப் பேச முடியாது. ஆகவே மென்பொருளில் பதிந்த கோரிக்கையிலும் அவள் அதை ‘இடப் பிழை’ என்றாள்.

"உஸ்தாத், அந்த நுகைலா இடப் பிழை..."

"வரும், வரும், உம் யஸன்." அவள் மகன் பெயரைச் சேர்த்து மிக்தாத் மரியாதையாகத்தான் அழைத்தார், காது கொடுப்பதில்தான் மரியாதை இல்லை. "முதல்ல முகப்புப் பக்கம். இந்த நீலம் எனக்குப் பிடிக்கல. ஆறு இப்படியா இருக்கு?"

"ஆறு பழுப்பா இருக்கு, உஸ்தாத்," என்றார் ஹுமாம்.

"அப்ப இந்த நீலத்தையே கொஞ்சம் கம்பீரமாக்குங்க."

கம்பீரத்துக்கே முற்பகல் முழுதும் போனது. பிறகு சின்னம் எந்த மூலையில் வருவது என்ற பிரச்சினை. பிறகு மசாலா மீனும் சோறும். பிறகு மறுபடியும் சின்னம். ஃபைஹா நான்கு முறை வாயெடுத்தாள். நான்கு முறையும் ஹுமாம், "அதெல்லாம் அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம், அக்கா," என்றார்.

வெளியே வானம் ஆரஞ்சானது, செம்மண் நிறமானது, பிறகு ஜன்னலே இல்லாமல் போனது. பட்டப்பகலைப் புழுதி விழுங்கிவிட்டது. மின்சாரமும் போனது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. போகாமல் இருந்தால்தான் பேச்சாகும். மடிக்கணினித் திரை மட்டும் கம்பீரமான நீலத்தில் ஒளிர்ந்தது.

முதலில் வந்தது வாசனை. வருஷக்கணக்கில் நீரடியில் ஊறிய களிமண் சுவரின் வாசனை. அழுகிய பேரீச்ச மட்டை. அணைந்த ரொட்டி அடுப்பு.

எங்கோ ஒரு கோழி.

"ஆபீஸ்ல கோழி வளர்க்கிறீங்களா, உம் யஸன்?"

"இல்ல, உஸ்தாத்."

மிக்தாத் காலைத் தூக்கினார். காலுறையிலிருந்து சொட்டியது. தரையில் புழுதி கலையாமல் கிடந்தது.

அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பெண் யாரிடமோ கிசுகிசுத்தாள். "இது நம்ம வீடு இல்லையே."

யாரும் திரும்பவில்லை.

குளிர் முழங்காலுக்கு ஏறியது. இடுப்புக்கு ஏறியது.

மேசைமேல் இருந்த பெயர்ப்பலகை மெல்ல அசைந்தது. எழும்பியது. காற்றில், இல்லாத தண்ணீரின்மேல், பட்டங்கள் அத்தனையோடும் மிதந்து வந்து தலைமை இயக்குநரின் மோவாயில் முட்டியது.

"மாத்துய்யா!" மிக்தாத் அலறினார். "அந்த ஊரை இப்பவே மாத்து!"

"எங்க போடறது, உஸ்தாத்? காலியா விட்டா ஏத்துக்காது!"

"காலியா விட வழி பண்ணுங்கன்னுதானே காலையிலேருந்து தொண்டைத்தண்ணி வத்தக் கத்தறேன்!" என்றாள் ஃபைஹா.

"எங்கயாவது போட்டுத் தொலை!"

ஹுமாம் மடிக்கணினியில் தட்டினார்.

பலகை தொப்பென்று விழுந்தது. குளிர் வடிந்தது. வாசனை போனது. காற்று ஓய்ந்து, ஜன்னலில் மங்கலாகச் சூரியன் தெரிந்தது. மிக்தாத் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு கைக்குட்டையிலேயே பதவி திரும்ப வந்துவிட்டது.

"பாத்தீங்களா? மேலிடம் முடிவெடுத்தா எதுவும் நடக்கும். அடுத்து, சின்னம்."

ஃபைஹா திரையை எட்டிப் பார்த்தாள். "டாக்டர், எங்க போட்டீங்க?"

"நான் எதையும் போடல, அக்கா. பழசை அழிச்சேன், அவ்வளவுதான். காலியா இருந்தா இப்ப அதுவே நிரப்பிக்கும், அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. புது வசதி."

"எதை வச்சு நிரப்பும்?"

"கோரிக்கை வச்சவரோட வீட்டு முகவரி," என்றார் ஹுமாம், பெருமையாக.

அவள் கைபேசி ஒலித்தது.

"விருந்தாளிங்க வராங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, ஃபைஹா?" கணவன் குரலில் சிரிப்பு இருந்தது. "வீடு கொள்ளாத ஜனம். சட்டி பானையெல்லாம் தலையில வச்சுக்கிட்டு வந்திருக்காங்க. உங்க பக்கத்துச் சொந்தமா?"

"வெளிய வந்துடுங்க, அபூ யஸன்! தவழ்ந்தாவது வந்துடுங்க!"

"எதுக்கு? தங்கமான மனுசங்க. மாவுக்கட்டு நனையக் கூடாதுன்னு என்னைக் கட்டிலோட தூக்கிப் பிடிச்சிருக்காங்க." அவன் வேறு யாரிடமோ பேசினான். "இன்னும் கொஞ்சம் தூக்குங்கப்பா. இன்னும் கொஞ்சம்."

சிரிப்பு நின்றது.

"ஃபைஹா, கூரை மூக்குல இடிக்குது."

அப்புறம் அவன் பேசவில்லை. அவள் பெயர் சொல்லிக் கத்தினாள். மறுமுனையில் யாரோ கைபேசியை எடுத்தார்கள். ஒரு பெண்ணின் குரல், ரொம்ப அனுசரணையாக.

"பயப்படாதீங்க அக்கா. எங்க வீட்டுக்கும் இப்படித்தான் வந்துச்சு. கொஞ்ச நேரந்தான்."