வழியில் கூடையைத் திறக்காதே

கூடை கனத்துக்கொண்டே வந்தது. கல்மண்டபத்தில் ஆட்டோ ஏறும்போது ஒரே கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்ட கூடைதான். காசிமேடு தாண்டுவதற்குள் இஷ்ரத்துக்குத் தொடை மரத்துப்போய்விட்டது. உள்ளே இருப்பது ஒரு பூனை. அது என்ன பெரிய கனம் கனத்துவிடப் போகிறது? குலுங்கிக் குலுங்கிப் போகிற வண்டியில் எதுவும் கனமாகத்தான் தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கால்நடை டாக்டர் சொன்னபடியே எல்லாம் செய்திருந்தாள். கிளம்பும் முன் சோறு வைக்கவில்லை. பழகிய வாசனை இருக்கட்டும் என்று கூடைக்குள் பழைய போர்வையை விரித்திருந்தாள். வெளிச்சத்துக்கும் லாரி ஹாரனுக்கும் மிரளாமல் இருக்க மேலே தன் துப்பட்டாவைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள். என்ன கத்தினாலும் வழியில் திறக்காதீர்கள், ரோட்டில் பாய்ந்துவிடும் என்று அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் ஷேரு கத்தவே இல்லை. தெருமுனை வரைக்கும் தூக்கிப்போனாலே ஊரைக் கூட்டுகிற பூனை அது.

"கூடைல இன்னா கீது?" என்றார் ஆட்டோக்காரர், கண்ணாடியில் பார்த்தபடி.

"பூனைண்ணா."

"பூனையா? முன்னாடியே சொல்லியிருந்தா ஏத்தியே இருக்க மாட்டேன். சீட்ட கலீஜ் பண்ணுச்சுனா நீதாம்மா கழுவணும், ஆமா சொல்ட்டேன்."

யாரோடும் மல்லுக்கு நிற்க அவளுக்குத் தெம்பில்லை. சாமான்களெல்லாம் நேற்றே எண்ணூர் போய்ச் சேர்ந்துவிட்டன. கணவன் ஷாரிக்கும் மகள் சைமாவும் புது வீட்டில் இருந்தார்கள். சாமான் ஏற்றிய சத்தத்தில் ஷேரு எங்கோ பதுங்கிவிட, பூனை இல்லாமல் சைமா ராத்திரி முழுக்க அழுதிருந்தாள். அதனால்தான் இஷ்ரத் மட்டும் இன்று பழைய வீட்டுக்குத் திரும்பி வந்தாள்.

அங்கே வீட்டுக்காரர் ஃபியூஸைப் பிடுங்கியிருந்தார். பின்னறை கும்மிருட்டாகக் கிடந்தது. அவள் கூடையோடு உள்ளே நுழையவும் அந்திப் பொழுதின் மஃரிப் பாங்கு ஒலிக்கவும் சரியாக இருந்தது. மஃரிப் நேரத்தில் பிஸ்மில்லா சொல்லிக் கதவைச் சாத்த வேண்டும். ஆளில்லாத வீட்டில் நின்று யாரையும் கூப்பிடக் கூடாது. அவர்கள் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். அழுது வீங்கிய சைமாவின் முகமே கண்ணுக்குள் நின்றதால் இஷ்ரத்துக்கு அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. கூடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "வாடா கண்ணு, வூட்டுக்குப் போலாம். சைமா உனுக்காகக் காத்துகினு கீறா" என்று இருட்டைப் பார்த்துக் கொஞ்சினாள். பரணிலிருந்து ஏதோ இறங்கியது. தானாகவே வந்து கூடைக்குள் உட்கார்ந்தது. கீறவில்லை, உதறவில்லை. சமத்து என்று மெச்சி அவள் மூடியைக் கட்டினாள்.

திருவொற்றியூர் தாண்டியதும் ஆட்டோ நின்றுவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக அடைத்துக்கொண்டு உறுமின. ஒரு பக்கம் டீசல் புகையும் இரும்புச் சூடும் வர, இன்னொரு பக்கம் பாறைகளில் அடிக்கிற கடலிலிருந்து அழுகிய மீன் வாடை வந்தது. லாரிகளுக்கு நடுவே ஆட்டோவுக்குள் விழுந்த நிழல், கூடையையும் அவள் கையையும் ஒன்றாக விழுங்கியிருந்தது. அந்த நாற்றங்களுக்கு அடியில் வேறொன்று மெல்ல எழுந்தது. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த பரணின் வாடை. அது கூடையிலிருந்துதான் வந்தது.

போன் அடித்தது. பழைய வீட்டுக்கு எதிர்வீட்டில் மீன் விற்கிற குப்பம்மா.

"இன்னாடி இஷ்ரத்து, பூனைய வுட்டுட்டுப் போய்ட்டியா? எங்கூட்டுக் கூரை மேல குந்திகினு கத்தோ கத்துனு கத்துது."

"ஷேரு எங்கிட்ட கீதுக்கா. அது வேற பூனையா இருக்கும்."

"எனுக்குத் தெரியாதா உன் பூனைய? அறுந்த காது, கழுத்துல உம் பொண்ணு கட்டுன சலங்க. இந்தா, நீயே கேளு."

போனில் ஷேரு கத்தியது. அவளுக்குத் தெரியாத குரலா அது?

கூடைக்குள் ஏதோ அசைந்தது. பிறகு, "மியா" என்றது. தப்பாக. மறுபடி சொல்லிப் பார்த்தது. மூன்றாவது தடவை ஷேருவின் குரல் அப்படியே வந்துவிட்டது.

அவள் கூடையிலிருந்து கைகளை எடுத்துவிட்டாள். கனம் அவள் தொடைகளை அமுக்கிக்கொண்டிருந்தது. மறுபடி போன் அடிக்க, பதற்றத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

"அம்மா, எங்க கீற? ஷேரு இன்னா பண்றான்? சீக்கிரம் வாம்மா!"

இஷ்ரத் அழைப்பைத் துண்டித்தாள். லேட். கூடை கேட்டுவிட்டது.

"ம்மா" என்றது.

திருத்திக்கொண்டது.

"அம்மா. சீக்கிரம் வாம்மா."

சைமாவின் குரல். அதே கொஞ்சல், அதே இழுப்பு.

ஆட்டோக்காரர் திரும்பினார். "இன்னாம்மா, கூடைல கொழந்த வேற கீதா?"

இது அவள் பிள்ளையிடம் போய்க்கொண்டிருக்கிறது. அவளே மடியில் வைத்துக் கொண்டுபோகிறாள். அதைத் தாண்டி எதையும் யோசிக்கவில்லை. பக்கத்தில் ஒரு லாரி மெல்ல நகர்ந்தது. கூடையை இரண்டு கையாலும் வெளியே தள்ளினாள். பின்சக்கரம் ஏறியது. பிளாஸ்டிக் கூடை நொறுங்கியது. தொடைமேல் கனம் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

லாரிக்கு அடியிலிருந்து, "அம்மா! அம்மா!" என்று குழந்தை அலறியது.

லாரி நின்றது. பின்னால் வந்த பைக்குகள் நின்றன. எங்கிருந்து வந்தார்களோ, கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு பெண் இஷ்ரத்தின் முடியைப் பிடித்து வெளியே இழுத்துப் பளாரென்று அறைந்தாள்.

"பேமானி! கொழந்தைய வண்டில தள்றியே, நீயெல்லாம் பொம்பளையா?"

"அது கொழந்த இல்லக்கா! என் கொழந்த எண்ணூர்ல, வூட்ல கீது. சத்தியமா சொல்றேன், அது கிட்ட போவாதீங்க!"

யாரும் கேட்கவில்லை. லாரிக்காரர் செல்போன் வெளிச்சத்தோடு அடியில் ஊர்ந்து போனார். திரும்பி வரும்போது துப்பட்டாவில் சுற்றிய ஒரு பெண்குழந்தையைத் தோளில் சாய்த்திருந்தார். ஒரு கீறல்கூட இல்லை என்று அவர் அழுதார். கூட்டம் கடவுளுக்கு நன்றி சொன்னது.

இஷ்ரத் அதன் முகத்தைப் பார்த்தாள். சைமாவின் முகம். ஆனால் கண்கள் சிமிட்டவில்லை. சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. பிறகு சிமிட்ட ஆரம்பித்தது.

பைக்கில் வந்த ஒருவன் அவளுடைய போனைப் பிடுங்கிக் கடைசியாக வந்த எண்ணுக்கு அடித்தான். "அண்ணே, உன் சம்சாரத்துக்கு புத்தி கெட்டுப்போச்சு. கொழந்தைய வண்டிலேந்து தள்ளிடுச்சு. நல்லவேள, ஒண்ணும் ஆவல. வாசல்ல வந்து நில்லு, நாங்களே இட்டாந்து வுடறோம்." எதிர்முனையில் ஷாரிக் ஏதோ கத்துவது கேட்டது. இவன் கேட்டுக்கொள்ளாமல் அணைத்துப் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

அறைந்த பெண்ணே அதை இஷ்ரத்தின் மடியில் உட்காரவைத்தாள். "ஒழுங்கா புடிச்சிக்கோ. திரும்பத் தள்ளுனே, நேரா ஸ்டேஷன்தான்."

இரண்டு சின்னக் கைகள் அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. ஜில்லென்று இருந்தன. ஆட்டோ கிளம்பியது. இரண்டு பக்கமும் பைக்குகள் கூடவே வந்தன.

"அண்ணா, வேற எங்கியாவது போங்கண்ணா. எங்கியாவது. காலுல வுழறேன்."

"வாய மூடிகினு வா" என்றார் ஆட்டோக்காரர்.

எண்ணூர். ரயில் கேட். மசூதித் தெரு. புது வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. ஷாரிக் பதறிப்போய் நின்றிருந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு சைமா நின்றிருந்தாள். ஆட்டோவைப் பார்த்ததும் துள்ளினாள். தலைக்கு மேலே கையைத் தூக்கி ஆட்டினாள்.

இஷ்ரத்தின் கழுத்தைச் சுற்றியிருந்த கைகளில் ஒன்று விலகியது. அது எட்டிப் பார்த்தது. வாசலில் நின்ற பிள்ளை கையை எப்படி ஆட்டுகிறது என்று கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு தன் கையைத் தலைக்கு மேலே தூக்கி, அதே மாதிரி ஆட்டியது.