எட்டின் கீழ் வட்டம்

மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. ஓடக் கூடாது. மணலில் எதையும் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்ம வேண்டும்.

இத்தனை கூடாதுகளையும் கெர்பன் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அவர்தான் அந்தத் தண்ணீர் நிலையத்தின் மேற்பார்வையாளர். பெரிய உடம்பு, பெரிய மீசை, எல்லாவற்றையும்விடப் பெரிய சாப்பாட்டுப் பை.

"தும்மல் சொல்லிட்டா வரும்?" என்று கேட்டாள் ஃபென்னா.

"வாய் மட்டும் நீளம்! இந்தா, இதுமேல உக்காரு. எழுந்திருக்காத." சுவரோரம் கிடந்த மூன்று பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டினார்.

ஃபென்னாவுக்குப் பத்து வயது. இலையுதிர்கால விடுமுறை. அப்பா கப்பலில் வேலைக்குப் போயிருந்ததால் அம்மாவோடு இங்கே வந்திருந்தாள். மணல் மேடுகளுக்கு நடுவே இருந்த அந்த நீளமான கூடத்தில், கால்பந்துத் திடல் மாதிரி ஒரு மணல் படுகை விரிந்து கிடந்தது. எட்டாம் எண் படுகை. நகரத்தில் பாதிப் பேர் குடிக்கிற தண்ணீர் இந்த மணல் வழியாகத்தான் சொட்டுச் சொட்டாக இறங்கிச் சுத்தமாகிறது.

பாலின்மேல் ஏடு படிவதுபோல மணலின்மேல் பழுப்பு நிறத்தில் ஓர் ஏடு படியும். கண்ணுக்குத் தெரியாத குட்டி உயிர்கள் அதில் குடியிருந்து அழுக்கைத் தின்னும். நல்ல ஏடுதான். ஆனால் தடித்துப்போனால் தண்ணீர் கீழே இறங்காது. அப்போது தண்ணீரை வடித்துவிட்டு, ஏட்டை மட்டும் ஒரு விரல் பருமனுக்கு வழித்தெடுக்க வேண்டும். ஒரே ஒரு விரல். அதற்குமேல் எடுத்தால் நல்ல மணலும் போய்விடும், படுகை தேறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

வழித்தெடுக்கிற வண்டிக்கு எல்லோரும் வைத்த பெயர் நத்தை. அவ்வளவு வேகம்! அதை ஓட்டுவது ஃபென்னாவின் அம்மா மார்லூஸ். எட்டு வருடம் மணல் கழுவும் இடத்தில் நின்றவள், மூன்று மாதத்துக்கு முன்புதான் அந்த இருக்கையில் ஏறியிருந்தாள். அன்று வீட்டில் ஆப்பிள் கேக் செய்து கொண்டாடினார்கள்.

படுகையின் நடுவே கெர்பன் ஒரு முக்காலியை நிறுத்தினார். அதன் உச்சியில் லேசர் கருவி இருந்தது. அதிலிருந்து சிவப்பு ஒளி சுற்றிச் சுற்றி வந்து நான்கு சுவர்களிலும் ஒரே மட்டமாகக் கோடு போட்டது. நத்தையின் உச்சியில் இருக்கும் கம்பு அந்த ஒளியைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு ஆழம் வழிக்க வேண்டும் என்று கீழே இருக்கும் தகட்டுக்கு அதுதான் சொல்லும்.

முக்காலி ஆடாமலிருக்கக் கெர்பன் தன் சாப்பாட்டுப் பையை அதன் நடுவில் தொங்கவிட்டார். "இனிமே பூகம்பம் வந்தாலும் அசையாது" என்று மீசையைத் தடவிக்கொண்டார். அந்தப் பையின் எடையைப் பார்த்தால் அதை நம்பலாம் போலத்தான் இருந்தது.

நத்தை உறுமிக்கொண்டு கிளம்பியது. கூடமே கிடுகிடுவென்று அதிர்ந்தது.

ஃபென்னா நோட்டை எடுத்து வரைய ஆரம்பித்தாள். நத்தை, அம்மாவின் நீலத் தொப்பி, முக்காலி, தொங்கும் பை, பக்கத்தில் கெர்பன். பக்கத்துச் சுவரில் உள்ளங்கை அளவுக்கு '8' என்று எழுதியிருந்தது. சிவப்புக் கோடு அந்த எட்டின் மேல் வட்டத்தைச் சரியாக நடுவில் வெட்டிக்கொண்டு போனது. எட்டுக்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. அதையும் சிவப்புப் பென்சிலால் வரைந்தாள்.

பன்னிரண்டு மணிக்குத் தலைமைப் பொறியாளர் ஹெட்விக் வந்தார். ஒட்டடைக் குச்சி மாதிரி உயரமான பெண்மணி. சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவுகோல் இருக்கும். பூட்ஸைக் கழுவிக்கொண்டு படுகையில் இறங்கினார். கதவோரம் அளந்தார். தலையாட்டினார். நடுவில் அளந்தார். தலையாட்டவில்லை. கடைசியாக வழித்த இடத்தில் அளந்துவிட்டு, நத்தையை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார்.

"மார்லூஸ், இங்க மூணு விரலுக்கும் மேல எடுத்திருக்கு!"

அம்மா குதித்து இறங்கி ஓடி வந்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. "நான் எதையும் தொடலையே. வண்டி தானா ஆழமாப் போற மாதிரிதான் இருந்துச்சு. லேசர் சரியா இருக்கான்னு…"

"ஆடத் தெரியாதவங்களுக்குக் கூடம் கோணலாத்தான் தெரியும்" என்றார் கெர்பன். "லேசர் பொய் சொல்லுமா? காலையில கவனமா ஓட்டினே, அப்புறம் கண்ணு சொக்கிருச்சு. கை தகட்டு நெம்புகோல்ல பட்டிருக்கும். நான் அன்னைக்கே சொன்னேன், இதெல்லாம் பழகின கைக்குத்தான் வரும்னு. நாளையிலேருந்து பழைய டிரைவர் யாப் ஓட்டட்டும். நீ மணல் கழுவப் போ. சாவியைக் குடு."

ஹெட்விக் அளவுகோலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா சாவியைக் கழற்றினாள். அதில் ஆரஞ்சு நிறத் தக்கைப் பந்து ஒன்று கோத்திருந்தது. படுகையோரத்து நடைமேடைக்கு ஏறி வந்து, அங்கிருந்த மேசையின்மேல் மெதுவாக வைத்தாள். "ஒருவேளை என் கைதான் பட்டுச்சோ என்னவோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இதைக் கேட்டதும் ஃபென்னாவுக்குக் கோபம் பொங்கியது. கெர்பன்மேல் கொஞ்சம், அம்மாமேல் நிறைய. செய்யாத தப்பை யாராவது எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வார்களா?

கெர்பனின் கை மேசைக்கு வருவதற்குள் அவள் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏய்! குடு இங்க!"

"தர மாட்டேன்."

"ஃபென்னா!" என்றாள் அம்மா.

"தர மாட்டேன்மா. நீ எதையும் தொடல. நான் காலையிலேருந்து உன்னையேதான் வரைஞ்சுக்கிட்டு இருக்கேன். உன் ரெண்டு கையும் ஸ்டியரிங்லதான் இருந்துச்சு!"

"மகள் சாட்சி சொல்ல வந்துட்டா" என்று சிரித்தார் கெர்பன். "பாப்பா, இது விளையாட்டுச் சாமான் இல்ல."

"நான் பாப்பா இல்ல. கை தவறிப் பட்டிருந்தா மணல் மேடும் பள்ளமுமா இல்ல இருக்கணும்? அங்க பாருங்க, படிக்கட்டு மாதிரி ஒழுங்கா இறங்குது. ஒவ்வொரு வரிசையும் முந்தின வரிசையைவிடக் கொஞ்சம் கீழ. தூங்கி வழியறவங்க இவ்வளவு ஒழுங்காவா தப்பு பண்ணுவாங்க?"

ஹெட்விக் சட்டென்று திரும்பிப் படுகையைப் பார்த்தார். உண்மைதான். கதவிலிருந்து நத்தை வரைக்கும் மெல்லிய படிகள்.

"அப்போ யாரு தப்புங்கற?" கெர்பனின் மீசை துடித்தது.

அது ஃபென்னாவுக்குத் தெரியவில்லை. சாவியை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கை வலித்தது. கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுவரைப் பார்த்தாள். அங்கே எட்டு இருந்தது. ஆனால் அதன் கண்கட்டைக் காணோம். சிவப்புக் கோடு எட்டின் இடுப்பைத் தாண்டிக் கீழ் வட்டத்துக்குள் போய்விட்டிருந்தது.

நோட்டைத் திறந்து பார்த்தாள். மேல் வட்டம். சுவரைப் பார்த்தாள். கீழ் வட்டம்.

"கோடு இறங்கிருச்சு!" என்று கத்தினாள். "காலையில கோடு இங்க இருந்துச்சு, இப்போ அங்க இருக்கு. பாருங்க!"

கெர்பன் நோட்டை எட்டிப் பார்த்தார். "இந்தப் படத்துல எனக்கு மூணு கை இருக்கு."

"அது மூணாவது கை இல்ல. உங்க மீசை."

ஹெட்விக் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார்.

"படம் தப்பா இருக்கும்" என்றார் கெர்பன். "முக்காலி காலையில நின்ன இடத்துலயேதான் நிக்குது. காலு முளைச்சு நடந்து போகுமா?"

நடந்து போகாது. ஆனால் கால் என்றதும் ஃபென்னாவுக்குக் கடற்கரை ஞாபகம் வந்தது. அலை வந்து போன ஈர மணலில் நின்று காலை லேசாக ஆட்டினால் போதும், பாதம் புதைந்து கணுக்கால் வரைக்கும் போய்விடும். நடக்கவே வேண்டாம். அதிர்ந்தாலே போதும்.

அவள் மஞ்சள் கோட்டைத் தாண்டினாள்.

"எங்க போற? நில்லு! பூட்ஸ்!" என்று அலறினார் கெர்பன்.

எவ்வளவு கோபமாக இருந்தாலும் ஃபென்னா பூட்ஸைக் கழுவாமல் இறங்குகிற பெண் இல்லை. மருந்துத் தண்ணீர்த் தட்டில் இரண்டு காலையும் வைத்து, விதிப்படி பத்து வரை எண்ணினாள். கோபமாகத்தான் எண்ணினாள். அதன்பிறகு படியிறங்கி, மணலைக் கடந்து, முக்காலியின் முன்னால் போய் நின்றாள்.

"இது மணலுக்குள்ள இறங்குது. வண்டி ஓடும்போது தரை அதிருது, இது புதையுது. கோடு இறங்குது, தகடும் கூடவே இறங்குது. அம்மா ஓட்டிக் காட்டட்டும். தகட்டைத் தூக்கி வச்சுட்டுச் சும்மா ஓட்டட்டும். கோடு இறங்கலைன்னா சாவியை நானே உங்க கையில குடுக்கறேன். மன்னிப்பும் கேக்கறேன்."

"இறங்கினா?" என்று கேட்டார் ஹெட்விக்.

"இறங்கினா அவர் அம்மாகிட்ட மன்னிப்பு கேக்கணும்."

"கேட்டாப் போச்சு!" என்றார் கெர்பன். "எனக்கென்ன பயம்? ஓட்டட்டும்!"

ஹெட்விக் சுண்ணக்கட்டியால் சிவப்புக் கோட்டின் மேலேயே சுவரில் ஒரு கோடு கிழித்தார். ஃபென்னா ஓடி வந்து சாவியை அம்மாவின் கையில் வைத்தாள். அம்மா அவளையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு நத்தையில் ஏறினாள்.

"ஒரு நிமிஷம்" என்று கெர்பன் முக்காலிப் பக்கம் நடந்தார். "சாப்பாட்டு நேரம். என் பையை எடுத்துக்கறேன்."

"எதையும் தொடக் கூடாது!" என்றாள் ஃபென்னா. "காலையில எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்."

"பொண்ணு சொல்றது சரி" என்றார் ஹெட்விக்.

கெர்பன் தன் பையை ஏக்கத்தோடு பார்த்தார். உள்ளே பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி ஆறு, மோர் இரண்டு புட்டி, ஒரு முழுப் புகையிட்ட மீன். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை.

நத்தை கிளம்பியது. அதுதான் வேகத்துக்குப் பெயர் வாங்கிய வண்டி இல்லையே! முதல் சுற்று முடியக் கால் மணி நேரம் ஆனது. ஹெட்விக் நின்றுகொண்டே சாப்பிட்டார். கெர்பனின் வயிறு நத்தையைவிடச் சத்தமாக உறுமியது.

ஃபென்னா தன் டப்பாவைத் திறந்தாள். வெண்ணெய் தடவிச் சாக்லெட் தூவல் போட்ட ரொட்டி இரண்டு இருந்தன. ஒன்றை எடுத்து நீட்டினாள். கோபம் கோபம்தான். அதற்காக ஒருவர் பசியோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டு தின்ன முடியுமா?

"லஞ்சமா?" என்றார் கெர்பன்.

"இல்ல. உங்க வயித்துச் சத்தத்துல முக்காலி அதிருதுன்னு அப்புறம் சொல்லிடுவீங்க."

கெர்பன் வாங்கிக்கொண்டார். இரண்டே கடி. துகள் மணலில் சிந்தாமல் மீசை பார்த்துக்கொண்டது.

இரண்டாவது சுற்றில் நத்தை முக்காலிக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டு போனது. மூன்று பேரும் சுவரையே பார்த்தார்கள். சுண்ணக் கோட்டுக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி தெரிந்தது. அடுத்த தடவை ஒரு பட்டாணி அளவு.

ஹெட்விக் போய் முக்காலியின் பாதத்தைச் சுற்றி மணலைத் தோண்டினார். பாதம் மூன்று விரல் ஆழத்துக்கும் கீழே இருந்தது.

"கெர்பன், இதுக்கு அடியில போட மூணு பலகை உண்டே. அது எங்க?"

கெர்பன் நடைமேடையைப் பார்த்தார். ஹெட்விக்கும் பார்த்தார். ஃபென்னா தான் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த ஆசனத்தைப் பார்த்தாள். மூன்று பலகைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. மேலே இருந்ததைப் புரட்டினாள். அடியில் பெரிய எழுத்தில் 'முக்காலிக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. எழுதியது கெர்பனேதான்.

கெர்பனின் காது இரண்டும் தக்காளி நிறமாயின. நத்தையை நிறுத்திவிட்டு இறங்கி வந்த அம்மாவின் முன்னால் போய் நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

"மார்லூஸ், தப்பு என்னோடது. மணல் காஞ்சு கல்லு மாதிரி இருக்கேன்னு விட்டுட்டேன். பலகையைப் போடாம, போதாக்குறைக்குப் பையை வேற மாட்டி வச்சேன். உன்மேல பழியைப் போட்டதுதான் அதைவிடப் பெரிய தப்பு. மன்னிச்சுக்க."

"நீங்க சொன்னது ஒண்ணு மட்டும் சரி" என்றாள் அம்மா. அவள் முகத்தில் இப்போது வெளுப்பு இல்லை. "கூடம் நெஜமாவே கோணல்தான். ஆனா எனக்கு ஆடத் தெரியும்."

ஹெட்விக் அளவுகோலைப் பையில் வைத்தார். "ஆழமாப் போன இடத்துல நல்ல மணல் கொட்டிச் சரி பண்ணணும். ஒரு வாரம் கூடுதல் வேலை. யாரு சுமக்கறது?"

"நான்தான்" என்றார் கெர்பன், யாரும் கைகாட்டுவதற்கு முன்பே.

மறுநாள் காலை கூடத்தின் கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது. எட்டு, அதன் மேல் வட்டத்தில் சிவப்புக் கோடு, மூன்று கை மாதிரி தெரியும் மீசைக்காரர். கீழே 'பலகை போட்டாயா?' என்று ஹெட்விக் எழுதியிருந்தார்.

கெர்பன் மூன்று பலகைகளைப் போட்டு, அவற்றின்மேல் முக்காலியை நிறுத்தி, ஒவ்வொரு காலையும் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் ஃபென்னாவுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தது.

"கோடு எங்க இருக்கு?" என்று கெர்பன் முக்காலியருகிலிருந்தே கத்தினார்.

"மேல் வட்டத்துல!"

"சரியா நடுவுலயா?"

"நடுவுலதான்!"

அம்மா சாவியைத் திருப்பினாள். நத்தை உறுமியது, கூடம் அதிர்ந்தது, சிவப்புக் கோடு இம்மியும் அசையவில்லை. கெர்பன் திருப்தியோடு தலையாட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினார், சாப்பாட்டுப் பையைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு.