நீலப் புட்டியின் மேல் விழுந்த பழி

"நான் திருடன் இல்லை சார், மருந்தாளர்," என்றார் வந்தவர். துப்பறிவாளரின் மைத்துனன் அதற்குள் கதவைத் தாழிட்டிருந்தான். யார் வந்தாலும் குற்றவாளி என்றே தொடங்குவது அவன் வழக்கம்.

மனச்சோர்வுக்கான இரண்டு மருந்துகளை மருந்தாளர் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தில் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தம்பி போன்ற மருந்துகள், மூளையின் ஒரே பக்கத்தில் வேலை செய்ய வேண்டியவை. ஒன்று சிவப்புப் புட்டியில், மற்றது நீலத்தில். சாப்பிட்டவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்தால், சிவப்பு இடப்பக்கத்தையும் நீலம் வலப்பக்கத்தையும் அமைதிப்படுத்தியிருந்தன.

"நீலத்துல நான் வேற மருந்தை அடைச்சுட்டேனாம். பெரிய டாக்டர் இன்னைக்கே என்னை வெளிய அனுப்பப் போறார்."

"அடைச்சீங்களா?"

"சத்தியமா இல்லை சார்!"

"அத்தான், சத்தியம் பண்றவங்களைத்தான்..."

"நீ முதல்ல கதவைத் திற, மாப்ளே."

ஆராய்ச்சிக்கூடச் சுவரில் இரண்டு மூளைப் படங்கள், ஓடு நீக்கிய வால்நட் பருப்பு போல, அருகருகே தொங்கின. சிவப்பு மருந்தின் படத்தைத் தயாரித்தவர் ஸ்கேன் படங்களைப் படிக்கும் டாக்டரம்மா. நீல மருந்தின் படத்தைத் தயாரித்தவர் மூளை அறுவை பயின்ற இளைஞர்.

"மண்டையோடு எங்கே?" என்றார் துப்பறிவாளர்.

"கம்ப்யூட்டர்லயே உரிச்சுடுவோம்," என்றார் டாக்டரம்மா.

"உரிக்காத படத்தைக் காட்டுங்க."

உரிக்காத படங்கள் திரையில் வந்தன. ஒவ்வொன்றிலும் நெற்றியோரம் ஒரு வெள்ளைப் புள்ளி.

"பரு!" என்று மைத்துனன் துள்ளினான்.

ஸ்கேன் எடுப்பவர் சிரித்தார். "மீன் எண்ணெய் மாத்திரைங்க. எல்லாருக்கும் வலது நெற்றிப்பொட்டுல ஒட்டுவேன். படத்துல பளிச்சுன்னு தெரியும்."

துப்பறிவாளர் பெரிய டாக்டரையும் வரவழைத்தார். பிறகு டாக்டரம்மாவிடம் திரும்பினார்.

"அம்மா, உங்க படத்துல புள்ளி எந்தப் பக்கம்?"

"இடது. நோயாளிக்கு எதிர்ல நின்னு பார்க்கிற மாதிரிதான் நாங்க படத்தை வைப்போம். அவரோட வலது எங்களுக்கு இடது."

"தம்பி, உங்களுது?"

"வலது. நாங்க அவருக்குப் பின்னால நிக்கிற மாதிரி..." இளைஞரின் வாய் திறந்தபடி நின்றது.

"மண்டையோட்டை உரிச்சதும் புள்ளியும் போச்சு. பெரிய டாக்டர் ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல மாட்டிட்டு மருந்தாளரைப் பிடிச்சுக்கிட்டார். மருந்து மாறலை. படம்தான் திரும்பியிருக்கு."

நீலத்தைத் திருப்பிச் சிவப்பின் மேல் வைத்தார்கள். பொருந்தியது. அதே பக்கம், அதோடு நீலத்தின் அமைதி இன்னும் கொஞ்சம் அகலம்.

"அடேயப்பா! தேடின வித்தியாசமே இதுதானே!" டாக்டரம்மா கைதட்டினார்.

"அத்தான், பருவை முதல்ல பார்த்தது நான்," என்றான் மைத்துனன். யாரும் மறுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "மன்னிச்சுடுங்க," என்று மருந்தாளரிடம் கையை நீட்டினார்.

மருந்தாளர் கண்ணீரும் சிரிப்புமாக அந்தக் கையைப் பார்த்தார்.

"சார், அது இடது கை."